மருத்துவத்துக்குப் பட்டு: நம் சங்கங்களின் பொறுப்பு

பட்டு என்றவுடன் சேலையும் வேட்டியும் அங்கவஸ்திரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் தறியில் அமரும் நெசவாளருக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் விவசாயிக்கும் பட்டின் பயணம் ஜவுளிக் கடையின் கண்ணாடி அலமாரியோடு முடிந்துவிடுகிறது. அதே பட்டு, இன்று உலகத்தின் பல ஆராய்ச்சிச் சாலைகளில், மனித உடலுக்குள் வைக்கத் தகுந்த பொருளாக மாற்றப்பட்டு வருகிறது. முறிந்த எலும்பைப் பிணைக்கும் திருகாணி, அறுந்த மூட்டுநாருக்குப் பதிலாக நிற்கும் கயிறு, ஆறாத புண்ணை மூடும் பஞ்சு ஆகியவற்றைப் பட்டுப் புரதத்தால் செய்து பார்க்கிறார்கள். இந்த முயற்சியில் நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதும், அந்தப் பங்கை இப்போதே யோசித்து வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கிறேன்.

எஃகுத் தகடும் எலும்பும்

கால் எலும்பு முறிந்தால், எஃகு அல்லது டைட்டானியத் தகட்டை வைத்துத் திருகாணிகளால் முடுக்குவது இன்று பரவலாக நடைபெறும் சிகிச்சை. இம்முறை எத்தனையோ பேரை முடமாகாமல் காத்திருக்கிறது. அதைப் பழிப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் அதில் இரண்டு குறைகள் உண்டு. எலும்பு தாங்கவேண்டிய பாரத்தை, எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பான தகடே தாங்கிக்கொள்வதால், அதன் அடியிலுள்ள எலும்பு மெலியக்கூடும். எப்போதும் இடுப்பிலேயே இருக்கும் குழந்தை நடை பழகாது அல்லவா? பாரம் தாங்காத எலும்பும் அப்படியே வலுப்பெறாமற் போகிறது. இது முதற் குறை. எலும்பு கூடிய பின் தகடு வேண்டாத பொருளாகிவிடுகிறது; சிலருக்கு அதை எடுப்பதற்கென்றே மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வருகிறது. இது இரண்டாவது குறை. மிதியை மிதித்துத் தறி ஓட்டிப் பிழைப்பவருக்கும், வயலில் இறங்கி உழைப்பவருக்கும் இரண்டாம் முறை படுக்கையில் விழுவதென்றால், மருத்துவச் செலவோடு பல வாரக் கூலியும் போயிற்று என்றே பொருள்.

இக்குறைகளைப் போக்கவே விஞ்ஞானிகள் வேறு வகைப் பொருளைத் தேடுகின்றனர். வளைவு கட்டும் கொத்தனார் அடியில் முட்டுக்கால்களை நிறுத்தி, சாந்து இறுகிய பிறகு அவற்றைப் பிரித்தெடுக்கிறார். முன்னதாகப் பிரித்தால் வளைவு இடியும். பிரிக்காமலே விட்டால் வழி அடைபடும். உடலுக்குள்ளே, தக்க காலம் வந்ததும் தானே பிரிந்துகொள்ளும் முட்டுக்காலைச் செய்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். புண் ஆறும் வரையில் அது தாங்கி நிற்கவேண்டும். புதுத் திசு வளர வளரத் தன் வலுவைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டு, முடிவில் உடலில் கரைந்து மறையவேண்டும். தோல் ஆறச் சில வாரங்கள் போதும். எலும்பு கூடச் சில மாதங்கள் வேண்டும். முழங்கால் மூட்டின் உள்நார் உறுதிபெற ஓராண்டு போலாகும். ஆகவே, பொருள் கரையும் வேகத்தை மனிதன் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியவேண்டும். கடினமான பகுதி இதுதான்.

இத்துறையில் சில வெற்றிகள் முன்னரே கிடைத்துள்ளன. உடலில் தானே கரையும் செயற்கைத் தையல் நூல் 1970 முதல் விற்பனையில் உள்ளது. அமெரிக்காவில் பர்க் என்னும் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் யான்னாஸ் என்னும் விஞ்ஞானியும் சேர்ந்து, மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தையும் சுறாமீனின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் கலந்து, துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற செயற்கைத் தோலை உருவாக்கினர். கடுந்தீக்காயம் பட்டவர்களுக்கு அது பயன்பட்டதை 1981இல் வெளியிட்டனர். நோயாளியின் சொந்த உயிரணுக்கள் அந்தத் துளைகளுக்குள் புகுந்து புதிய உள்தோலை உண்டாக்கின. பஞ்சு மெல்ல மெல்ல மறைந்தது. நெசவாளர் மொழியில் சொன்னால், மருத்துவர் பாவை மட்டும் கட்டிக் கொடுத்தார். ஊடையை உடல் தானே ஓட்டிக்கொண்டது.

துணியும் மருத்துவமும்

நெசவுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. 1947இல் நியூயார்க் நகரில் ஆர்தர் வூரீஸ் என்னும் இளம் மருத்துவர், ஒரு நாயின் இருதயத்துக்குள் பல மாதங்களாகத் தங்கிப்போன பட்டுத் தையல் இழையைக் கண்டார். அந்த இழையின்மீது இரத்தக் கட்டி இல்லை. பளபளப்பான மெல்லிய சவ்வு ஒன்று அதை மூடியிருந்தது. இழையை உடல் இப்படி ஏற்றுக்கொள்ளுமானால், துணியால் ஒரு குழாயே செய்து இரத்தக் குழாய்க்குப் பதிலாக வைக்கலாமே என்று அவர் எண்ணினார். வின்யான் என்னும் செயற்கை நூல் துணியால் அவரும் கூட்டாளிகளும் செய்த குழாய்களைப் பற்றிய அறிக்கை 1952இல் வெளிவந்தது. ஹூஸ்டன் நகர மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, டேக்ரான் துணியை வாங்கி, தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்து, 1954இல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். டேக்ரான் குழாய்கள் இன்றும் உபயோகத்தில் உள்ளன.

இந்தக் குழாய்களில் எழுந்த முக்கியமான கேள்வி, நம் நெசவாளர் ஒவ்வொருவருக்கும் விளங்கக்கூடியது. துணியை நெருக்கமாக நெய்வதா, இளக்கமாகப் பின்னுவதா? நெருக்கமாக நெய்தால் இரத்தம் கசியாது. ஆனால் திசு உள்ளே புகுந்து பற்றிக்கொள்வதும் கடினம். இளக்கமாகப் பின்னினால் திசு நன்கு பற்றும். ஆனால் தொடக்கத்தில் இரத்தம் கசியும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடைவெளியைக் காண்பதில் மருத்துவரும் நெசவுத் தொழில் அறிந்தவரும் சேர்ந்து உழைத்தார்கள். இழையின் பருமன், முறுக்கு, நெருக்கம் ஆகியவற்றைக் கணக்கிடுவது நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் செய்த செயற்கை இருதய வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனால் பயனடைந்திருக்கின்றனர். உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட அந்த வால்வை இருதயத்தோடு சேர்த்துத் தைக்க உதவுவது அதைச் சுற்றியுள்ள பாலியெஸ்டர் துணி வளையமே. வெளிநாட்டு விலை கொடுக்க இயலாத ஏழைகளுக்கு அது உயிர்ப்பிச்சையாயிற்று. உள்நாட்டில் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பட்டின் தன்மை

பட்டுக்கூட்டின் இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. உள்ளே வலுவைக் கொடுப்பது ஃபைப்ராயின். வெளியே பசையாக மூடியிருப்பது செரிசின். கச்சாப் பட்டைச் சாயத்துக்கு முன் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசையைப் போக்கும்போது, எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவது நமக்கெல்லாம் தெரியும். அப்படிக் குறைவது பெரும்பாலும் செரிசின். பசை நீக்காத பட்டு நூலால் தைத்தபோது சிலர் உடலில் அழற்சி கண்டதற்கு, அந்தப் பசையும் ஒரு காரணமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எனவே மருத்துவ உபயோகத்துக்கு முதல் வேலை, நம் சாயப் பட்டறையில் நடக்கும் அதே வேலைதான். வேகவைக்கும் நேரம் மிஞ்சினால் இழை நைந்துபோகும் என்பதைச் சாயத் தொழிலாளி கைப்பழக்கத்தால் அறிவார். அதிக நேரம் கொதித்தால் புரதச் சங்கிலிகள் துண்டாகி வலுக் குறைகிறது என்று விஞ்ஞானிகள் கூறுவதும் அதையே.

பசை நீங்கிய பட்டை லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசலில் கரைத்து, பிறகு அந்த உப்பை நீரால் நீக்கிவிட்டால், தெளிந்த பட்டுக் கரைசல் கிடைக்கிறது. அதை ஊற்றி உலர்த்தினால் மெல்லிய தாள். உறையவைத்து நீரைப் போக்கினால் துளைகள் நிறைந்த பஞ்சு. கெட்டிப்படுத்திக் கடைந்தால் திருகாணி. புரதச் சங்கிலிகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கி நிற்கின்றனவோ, அவ்வளவு மெதுவாகப் பட்டு உடலில் கரைகிறது. அந்த அடுக்கைக் கூட்டவும் குறைக்கவும் வழிகள் உண்டு. ஆகவே சில வாரங்களில் மறையும் பொருளையும், ஓராண்டுக்கு மேல் நிற்கும் பொருளையும் ஒரே பட்டிலிருந்து செய்ய இயலும். கரைந்த பின் எஞ்சுவது அமினோ அமிலங்களே. அவற்றை உடல் தன்மயமாக்கிக்கொள்கிறது.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக் கழகத்தில் டேவிட் கேப்லானும் அவருடன் உழைத்தவர்களும் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி நம் கவனத்துக்கு உரியது. பட்டிழைகளைச் சேர்த்து முறுக்கி, முறுக்கியவற்றை மறுபடியும் சேர்த்து முறுக்கி, முழங்கால் நாருக்கு ஒப்பான வலுவும் நெகிழ்ச்சியும் உள்ள கயிற்றை அவர்கள் அமைத்தனர். முறுக்கின் கணக்கே அங்கு மருத்துவத்தின் கணக்காயிற்று. அதே பல்கலைக் கழகத்தார் பட்டுத் திருகாணிகளை எலிகளின் தொடை எலும்பில் பொருத்திப் பார்த்த செய்தி 2014இல் வெளிவந்தது. நம் நாட்டில் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தசார்ப் பட்டை ஆராய்ந்திருக்கிறார்கள். உயிரணுக்கள் பற்றிக்கொள்வதற்கு ஏற்ற ஓர் அமைப்பு, மல்பெரிப் பட்டில் இல்லாதது, தசாரின் புரதத்தில் இயல்பாகவே உண்டு. மல்பெரி, தசார், எரி, முகா ஆகிய நான்கு வகைப் பட்டும் விளையும் நாடு நம்முடையது. பட்டுப் புரதத்தால் புண்ணுக்கான கட்டுகள் செய்வதும் பெங்களூரில் தொடங்கிவிட்டது.

இயற்கை என்ற சொல்லின் மயக்கம்

இவ்வளவும் கேட்டபின், பட்டு இயற்கைப் பொருள்தானே, உடலுக்குத் தீங்கு செய்யாது, உடனே சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று சிலர் கூறக்கூடும். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். இயற்கைப் பொருளெல்லாம் உடலுக்கு இணக்கமானதன்று; செரிசினின் கதையே போதிய பாடம். உடலுக்குள் வைக்கும் பொருளில் அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகில் உதாரணங்கள் உண்டு.

சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் 2011, 2012 ஆண்டுகளில் மூன்று நோயாளிகளுக்குப் பிளாஸ்டிக்கினாலான மூச்சுக்குழாய் வைக்கப்பட்டது. நோயாளியின் சொந்த உயிரணுக்களை அதன்மீது தூவியிருப்பதால் அது உடலோடு ஒன்றிவிடும் என்று உலகமெங்கும் புகழ்ந்து பேசினார்கள். அது ஒன்றவில்லை. மூவரும் பின்னர் இறந்தனர். அந்த அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் சிறைத் தண்டனை விதித்தது. இருதய இரத்தக் குழாயில் வைத்துத் தானே கரையும் தாங்கி ஒன்று அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்றது. இரத்தக் கட்டி உண்டாகும் அபாயம் உலோகத் தாங்கியைவிட அதில் அதிகமென்று தெரிந்து, 2017இல் அதன் விற்பனை நின்றது. பட்டும் இதற்கு விலக்கன்று. உடலின் மென்திசுவைத் தாங்குவதற்காகப் பட்டிழையால் செய்த ஒரு வலையை, அனுமதி பெறாத உபயோகத்துக்கும் விளம்பரம் செய்ததாக, அமெரிக்க அரசாங்க மேற்பார்வைத் துறை 2015இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

ஆகவே பட்டுப் பொடி, பட்டுத் தைலம் என்று பெயரிட்டு நோய் தீர்க்கும் சரக்காக விற்பவர்களுக்கு நம் சங்கங்களின் பெயர் ஒருநாளும் துணைபோகக் கூடாது. ஒரு சேலையில் சாயம் போனால் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடலாம். உடலுக்குள் வைத்த பொருள் கெட்டால் திருப்பிக் கொடுக்க இடமில்லை.

சங்கங்கள் செய்யக்கூடியது

அப்படியானால் இது விஞ்ஞானிகளும் பெரிய கம்பெனிகளும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், நமக்கு என்ன வேலை என்று வேறு சிலர் கேட்கலாம். நமக்கு வேலை இருக்கிறது. அதுவும் பிறரால் செய்ய இயலாத வேலை.

மருத்துவப் பொருளுக்கு முதல் தேவை மூலப்பொருளின் சுத்தமும் ஒரே சீரான தரமுமாகும். எந்த முட்டைத் தொகுதியிலிருந்து வந்த புழு, எந்தத் தோட்டத்து இலையைத் தின்றது, அத்தோட்டத்திலோ பக்கத்து வயலிலோ பூச்சிமருந்து தெளித்ததுண்டா, மனையைக் கழுவ எதை உபயோகித்தார்கள், கூட்டை எங்கே உலர்த்தினார்கள் என்பனவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும். சந்தையில் பலரிடம் கலந்து வாங்கும் வியாபாரி இந்தப் பதிலைத் தர முடியாது. தனியொரு விவசாயி தன் தோட்டத்துக்கு மட்டும் தரலாம். ஆனால் ஆய்வுக்கூடம் கேட்கும் அளவும் சீரும் அவரிடம் இராது. நூறு அங்கத்தினர்களை ஒரே ஒழுங்கில் நிறுத்தி, ஒரே பதிவேட்டில் கணக்கு வைத்து, கூட்டாகப் பொறுப்பேற்க வல்லது கூட்டுறவுச் சங்கம் ஒன்றே.

இந்த ஒழுங்கு பட்டு வளர்ப்போருக்குப் புதிதும் அன்று. பிரான்சு தேசத்தில் பெப்ரின் நோயால் பட்டுத் தொழில் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1865இல் லூயி பாஸ்டர் அலே என்னும் ஊருக்குச் சென்று சில ஆண்டுகள் உழைத்தார். ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிட விட்டு, பின் அதை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோய் உள்ளவற்றின் முட்டைகளை அழிக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். நோயற்ற முட்டைத் தொகுதி என்று நாம் வாங்குவது இன்றும் அம்முறையின் வழியில் வருவதே. கிருமிகளால் நோய் பரவுகிறது என்ற அறிவுக்கும், அதனால் பிறந்த சுத்தமான அறுவைச் சிகிச்சைக்கும் அந்தப் பட்டுப்புழு ஆராய்ச்சியும் ஒரு படியாயிற்று. மருத்துவத்துக்குப் பட்டு முன்பே ஒருமுறை தொண்டு செய்திருக்கிறது.

எனவே நான்கு யோசனைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, கூடு வளர்ப்போர் சங்கங்கள் தங்கள் அங்கத்தினருள் விருப்பமுள்ள சிலரைக் கொண்டு, மேலே சொன்ன பதிவேட்டை ஒரு பருவத்துக்கேனும் வைத்துப் பார்க்கட்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் கட்டுப்பாடுமே வேண்டும், முதலீடு வேண்டியதில்லை. இப்பதிவேடு மருத்துவத்துக்குப் பயன்படாமற் போனாலும், நல்ல கூட்டுக்கு நல்ல விலை கேட்க உதவும்.

இரண்டாவது, கரைத்துச் செய்யும் பொருளுக்கு நீண்ட அறுபடாத இழை வேண்டியதில்லை. நூற்புக்கு ஆகாத இரட்டைக் கூடும், அந்துப்பூச்சி துளைத்து வெளிவந்த கூடும், கறையின்றிச் சுத்தமாக இருந்தால், ஆய்வுக்குத் தகுதியாகலாம். இவற்றைக் கழிவென்று அடிமாட்டு விலைக்குத் தள்ளுமுன், தரம் பிரித்துத் தனியே வைத்து, ஆய்வு நிலையங்களுக்கு மாதிரி அனுப்பிக் கேட்கவேண்டும். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் நமக்கு வழி காட்டக்கூடியவை.

மூன்றாவது, வளர்ப்போரும் நெசவாளரும் ஒரே குழுவில் அமரவேண்டும். முறுக்கும் பின்னலும் அறிந்தவர் நெசவாளர். மூலப்பொருளை அறிந்தவர் விவசாயி. இருவரும் தனித்தனியே பேரம் பேசினால் இருவருக்கும் கிடைப்பது கூலி மட்டுமே.

நான்காவது, ஆய்வு நிலையத்தோடோ கம்பெனியோடோ ஒப்பந்தம் செய்யும்போது, பொருளின் விலையோடு நின்றுவிடாமல், நம் அங்கத்தினரின் அறிவால் உண்டாகும் லாபத்தில் பங்கும், உருவாகும் பொருள் பொது மருத்துவ மனைகளுக்கு நியாய விலையில் கிடைக்கும் என்ற உறுதியும் கேட்கவேண்டும். இருதயக் குழாயில் வைக்கும் உலோகத் தாங்கிகளுக்கு அரசாங்கம் 2017 பிப்ரவரியில் உச்சவிலை விதித்த பிறகே அவற்றின் விலை வெகுவாக இறங்கியது. விலை தானாக இறங்கும் என்று காத்திருப்பது பயன் தராது.

இதனால் நம் அங்கத்தினர் வறுமை நாளையே தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவத்துக்கு வேண்டிய பட்டு, சேலைக்கு வேண்டியதில் சிறு பங்கே. 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, உடலுக்குள் வைக்கும் பொருள் பல சோதனைகளைக் கடந்து வரவேண்டும். அதற்கு ஆண்டுகள் பல செல்லும். தறியை விட்டுவிட்டு இதன்பின் ஓடுவது அறிவீனம். ஆனால் இதற்கு நேர்மாறான அறிவீனமும் உண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டே பட்டுப் புரதம் தயாரிக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்து வருகின்றன. தரமான கூடும் நம்பத்தக்க கணக்கும் நம்மிடம் இல்லையென்றால், ஆராய்ச்சியாளர் வேறிடம் தேடிப்போவார்கள். அதன்பின் நம் பொருளை வைத்துத் தொடங்கிய தொழிலை நாம் வேடிக்கை பார்க்க நேரும்.

நம் சங்கங்கள் இடைத்தரகரின் பிடியிலிருந்து நூலையும் துணியையும் மீட்பதற்காகத் தோன்றியவை. அதே நோக்கத்தோடு இந்தப் புதுத்துறையிலும் முன்கூட்டியே இடம்பிடிப்பது அவற்றின் கடமை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், பதிவேட்டைப் பற்றிய முதல் யோசனையையேனும் தீர்மானமாகக் கொண்டுவருமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவையும் அங்கத்தினரையும் கேட்டுக்கொள்கிறேன்.